சின்சில்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், மழை குறைந்த, இரவில் நடுங்க வைக்கும் பாறைச் சரிவுகளில் உருவான விலங்கு சின்சில்லா. அதன் ரோமமும் பல்லும் குடலும் காலும் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டால், பதில் அந்த மலையில்தான் கிடைக்கும். வளர்ப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த மலையை மறந்துவிடுவதால் வருகின்றன. ஆகவே இயற்கை வாழ்வைப் பற்றிய கேள்விகளையும் வளர்ப்பு பற்றிய கேள்விகளையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே தந்திருக்கிறோம்.

சின்சில்லா எலியா, முயலா, அணிலா?

காதைப் பார்த்தால் முயல், வாலைப் பார்த்தால் அணில். ஆனால் இரண்டும் இல்லை. அது கொறிவிலங்கு வரிசையைச் சேர்ந்தது. ஆண்டிஸ் பாறைகளிலும் அர்ஜென்டினாவின் சமவெளிகளிலும் வாழும் விஸ்காச்சா அதன் மிக நெருங்கிய உறவு. அடுத்த வட்டத்தில் கினிப் பன்றி, டெகு, கேப்பிபரா ஆகியவை வருகின்றன. வீட்டு எலிக்கும் அதற்கும் உள்ள உறவு மிகத் தூரமானது.

இதைத் தெரிந்துகொள்வதால் நடைமுறைப் பயன் உண்டு. எலி எதையும் தின்னும், மூன்று வாரத்தில் குட்டி போடும், குட்டி கண் திறக்காமல் வெற்றுடம்போடு பிறக்கும். சின்சில்லா புல்லையும் செடியையும் மட்டுமே தின்னும், மூன்றரை மாதத்துக்கு மேல் சினையாக இருக்கும், குட்டி முழு ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். எலிக்கான தீவனத்தையும் மருந்தையும் இதற்கும் பொருந்தும் என்று நினைத்தால் விலங்கு செத்துப்போகும்.

சின்சில்லா முயல், சின்சில்லா பூனை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோமத்தின் நிறச் சாயலுக்காக மனிதர்கள் வைத்த பெயர்கள் அவை, உறவு எதுவும் இல்லை.

எத்தனை இனங்கள் உள்ளன?

இரண்டு. நெடுவால் சின்சில்லாவின் அறிவியல் பெயர் சின்சில்லா லானிஜெரா. குட்டைவால் சின்சில்லா, சின்சில்லா சின்சில்லா. பழைய நூல்களில் பின்னது பிரெவிகாடேட்டா என்ற பெயரில் இருக்கும்.

நெடுவால் சற்றுச் சிறியது, ஒல்லியானது. அதன் காது பெரியது, வால் உடலின் நீளத்தில் பாதியை ஒட்டி வரும். குட்டைவாலுக்குக் கழுத்தும் தோளும் தடித்திருக்கும், காது சிறியது, வால் சுமார் 10 சென்டிமீட்டர்தான். வீடுகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் நெடுவால் இனத்தின் வழிவந்தவை. காட்டிலுள்ள நெடுவால் சின்சில்லாவின் எடை 400 கிராம் அளவில்தான் இருக்கும். கூண்டில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை 500 முதல் 800 கிராம் வரை வளர்கின்றன. பெண் ஆணைவிடப் பெரியது.

பெயர் எங்கிருந்து வந்தது?

பெரு நாட்டுக் கடலோரத்தில் வாழ்ந்த சின்ச்சா மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஸ்பானிய மொழியில் 'இல்லா' என்ற விகுதி சிறியது என்பதைக் குறிக்கும்.

காட்டில் இப்போது எங்கே இருக்கின்றன?

ஒருகாலத்தில் பெரு, பொலிவியா, அர்ஜென்டினா, சிலி ஆகிய நான்கு நாடுகளின் மலைகளிலும் இருந்தன. நெடுவால் இனம் இன்று சிலியில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கொக்கிம்போ வட்டாரத்தில் இல்லாபெல் ஊருக்கு அருகே அவுக்கோ என்னும் இடத்தைச் சுற்றி ஒரு கூட்டம் வாழ்கிறது. அதைக் காக்க 1983இல் லாஸ் சின்சில்லாஸ் தேசியக் காப்பகம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 4,229 ஹெக்டேர். வடக்கே லா இகேரா பகுதியில் இன்னொரு கூட்டம் உண்டு. குட்டைவால் இனம் வட சிலி, பொலிவியா, அர்ஜென்டினா எல்லைகள் சந்திக்கும் உயர்ந்த வறண்ட மேட்டுநிலங்களில் சிதறிக் கிடக்கிறது.

இங்கே ஒரு தவறைத் திருத்த வேண்டும். 'சின்சில்லா 5,000 மீட்டர் உயரத்தில் பனிக்கு நடுவே வாழ்வது' என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது குட்டைவால் இனத்தின் கதை. அவுக்கோவில் உள்ள நெடுவால் சின்சில்லா கடலிலிருந்து வெகுதூரமில்லாத மலைகளில், சுமார் 400 முதல் 1,650 மீட்டர் உயரத்துக்குள் வாழ்கிறது. பனியைவிட வறட்சிதான் அந்த இடத்தின் முதல் குணம். முட்புதர்கள், தூண்போல நிற்கும் கள்ளிகள், பிளந்த பாறைகள் ஆகியவைதான் அங்கே. சில ஆண்டுகளில் மழை அறவே பொய்த்துப்போகும். எல் நினோ ஆண்டுகளில் கொட்டித் தீர்க்கும். புல் எவ்வளவு முளைக்கிறதோ அதற்கேற்ப எண்ணிக்கையும் ஏறி இறங்கும்.

காட்டில் அதன் ஒரு நாள் எப்படிப் போகிறது?

பகலில் பாறை இடுக்கிலோ, சாகுவால் என்று சிலி மக்கள் அழைக்கும் முள்ளிலைச் செடியின் அடியிலோ உறங்கும். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடியின் இலை விளிம்பெல்லாம் கொக்கிமுள். அதற்குள் நரியால் தலையை நுழைக்க முடியாது. சூரியன் மறைந்ததும் சின்சில்லா வெளியே வரும். இலைகளையும் புல்லையும் விதைகளையும் பின்னங்காலில் குந்தி உட்கார்ந்து முன்னங்கைகளால் பிடித்துத் தின்னும். அவுக்கோவில் அதற்கு முக்கிய உணவு ஒரு வகை முரட்டு ஊசிப்புல். தண்ணீரின் பெரும்பகுதி செடிகளிலிருந்தும் கள்ளியின் சதையிலிருந்தும் கிடைத்துவிடும். அதன் சிறுநீர் மிகவும் அடர்த்தியானது, ஒரு சொட்டையும் வீணாக்காத உடல் அது.

கூட்டமாக வாழும். எதிரிகள் குல்பியோ நரியும் கொம்பு ஆந்தையும். எதிர்த்துச் சண்டையிடும் ஆயுதம் சின்சில்லாவிடம் இல்லை. கேட்பது, தாவுவது, ரோமத்தை விட்டுவிட்டு ஓடுவது என்ற மூன்றே வழிகள்தான் அதற்கு உண்டு.

ரோமம் ஏன் அவ்வளவு அடர்த்தி?

மனிதத் தலையில் ஒரு துளையிலிருந்து ஒன்று முதல் நான்கு முடிகள் முளைக்கும். சின்சில்லாவுக்கு ஒரே துளையிலிருந்து 50க்கும் மேற்பட்ட இழைகள் கற்றையாக எழுகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 20,000 இழைகள். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இதைவிட அடர்ந்த போர்வை வேறெதற்கும் இல்லை என்றே சொல்லப்படுகிறது. ஒவ்வோர் இழையும் மூன்று நிறம்: அடியில் கருஞ்சாம்பல், நடுவில் வெண்மை, நுனியில் கருப்பு. நிலவொளியில் பாறையின் மேல் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இந்த அடர்த்தியால் உள்ளே காற்று புகாது, உண்ணிகள் தங்குவதும் அரிது. ஆனால் நீர் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. ஆகவே சின்சில்லாவைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. தோலை ஒட்டி ஈரம் நின்றால் உடல் குளிர்ந்து நடுங்கும், படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று வரும். தவறி நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு சூடில்லாத காற்றால் அடிவரை உலர்த்துங்கள். சூடான காற்று வீசும் கருவி ஒரு தொல்லையைத் தீர்த்து வெப்பத் தாக்கு என்னும் பெருந்தொல்லையைக் கொண்டுவரும்.

பிடித்தபோது கையோடு ரோமம் கொத்தாக வந்துவிட்டதே?

அது தப்பிக்கும் தந்திரம். நரியின் வாயில் ரோமம் மட்டும் மிஞ்ச, விலங்கு ஓடிவிடும். பயந்தாலோ, தோலைப் பிடித்து இழுத்தாலோ அந்த இடத்து இழைகள் தாமாகவே கழன்றுவிடும். புண் ஆகாது, இரத்தம் வராது, அடியில் வழவழப்பான தோல் தெரியும். முழுதாக வளர்ந்து நிறம் சேரச் சில மாதங்கள் ஆகும். மருந்து எதுவும் தடவ வேண்டாம்.

தூக்கும்போது ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். துள்ளினால் வாலின் அடிப்பகுதியை, உடலை ஒட்டி, மெதுவாகப் பிடிக்கலாம். வாலின் நுனியைப் பிடித்தால் தோல் உரிந்து வந்துவிடும். விலா எலும்புகள் மெல்லியவை, ஆகவே நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவே கூடாது.

அப்படியானால் எப்படித்தான் குளிக்கும்?

புழுதியில். காட்டில் மிக நுண்ணிய எரிமலைத் தூளில் புரளும். தோலிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் அந்தத் தூள் உறிஞ்சிக்கொண்டு உதிரும். வளர்ப்பில் செய்ய வேண்டியது இது:

சின்சில்லாவுக்கென்று விற்கப்படும் நுரைக்கல் தூள் அல்லது எரிமலைத் தூளை வாங்குங்கள். விரலிடையே தேய்த்தால் மாவுபோல இருக்க வேண்டும். ஆற்று மணலும் கடல் மணலும் ஆகாது. அவற்றின் துகள்கள் பெரியவை, கூர்மையானவை. இழைகளுக்குள் நுழையாமல் அவற்றை முறித்துவிடும், கண்ணையும் கீறும். முகத்துக்குப் போடும் பவுடரும் கூடாது, நுரையீரலுக்குக் கேடு.

விலங்கு புரண்டு எழக்கூடிய, கவிழாத கனமான பாத்திரத்தில் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூளைப் போடுங்கள். மாலையில், அது விழித்துச் சுறுசுறுப்பாகும் வேளையில், 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் கூட்டிக்கொள்ளலாம்.

நேரம் முடிந்ததும் பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். நாள் முழுவதும் உள்ளேயே விட்டால் அதில் சிறுநீர் கழிக்கும், ஓயாமல் புரண்டு தோல் வறளும், கண் சிவந்து நீர் வடியும். எச்சமும் கட்டிகளும் சேர்ந்தால் சலித்து எடுங்கள், ஈரம் பட்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கண்ணில் ஏற்கெனவே தொற்று இருந்தாலோ, தாய் குட்டி ஈன்ற முதல் ஒரு வாரம் பத்து நாட்களிலோ தூள் குளியல் வேண்டாம்.

எவ்வளவு வெப்பம் தாங்கும்?

மிகக் கொஞ்சம். 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 25ஐத் தாண்டினால் கவனமாக இருங்கள். 27, 28க்கு மேல் உயிருக்கே ஆபத்து. காரணம் எளிது. அதற்கு வியர்க்காது, நாயைப் போல மூச்சிரைத்தும் வெப்பத்தைத் தள்ளத் தெரியாது, உடலோ தடித்த போர்வைக்குள் இருக்கிறது. வெப்பம் வெளியேற உள்ள ஒரே நல்ல வழி, இரத்த நாளங்கள் நிறைந்த அந்த மெல்லிய பெரிய காதுகள். காது ரோஜா நிறத்தில் சிவந்து நரம்பு தெரிந்தால், உடல் திணறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஈரப்பதமும் சேர்ந்தே கொல்லும். வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: வெப்பநிலையை பாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகை 150ஐத் தொட்டால் ஆபத்து. 72 டிகிரி பாரன்ஹீட், அதாவது 22 செல்சியஸ், ஈரப்பதம் 50 என்றால் 122, கவலையில்லை. 80 டிகிரி, அதாவது 27 செல்சியஸ், ஈரப்பதம் 75 என்றால் 155, உடனே குளிர்விக்க வேண்டும். இது தோராயக் கணக்குதான். ஈரப்பதம் குறைவாக இருந்தாலும் 28 டிகிரி செல்சியஸ் ஆபத்தே.

மின்விசிறி மட்டும் போதுமா?

போதாது. விசிறி நம்மைக் குளிர்விப்பது நமது வியர்வையை ஆவியாக்குவதால். வியர்க்காத விலங்கின் மேல் அது அறையின் சூடான காற்றையே திருப்பி வீசும். அறையையே குளிர்விக்கும் குளிர்சாதனம் வேண்டும், மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வேண்டும். உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பதும், குளிர்ந்த சலவைக்கல் பலகை வைப்பதும் சில மணி நேரத்துக்கான உதவி மட்டுமே. ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நாள் முழுக்கக் குளிர்சாதனம் ஓட்ட இயலாதென்றால், சின்சில்லா வளர்க்காதிருப்பதே நேர்மை.

வெப்பத் தாக்கு வந்துவிட்டால்?

அடையாளங்கள்: பக்கவாட்டில் சாய்ந்து கிடத்தல், வேகமான மூச்சு, சிவந்த சூடான காது, வடியும் எச்சில், தள்ளாட்டம். முதலில் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதுகளிலும் பாதங்களிலும் வையுங்கள். பனிக்கட்டி நீரில் முக்காதீர்கள். தோலின் நாளங்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும், அதிர்ச்சியும் தாக்கும். மயங்கிக் கிடந்தால் வாயில் நீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். உள்ளுறுப்புக் கேடு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

பல் ஏன் மஞ்சளாக இருக்கிறது?

மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறமே வளர்ந்த சின்சில்லாவின் வெட்டுப்பல்லுக்கு இயல்பு. குட்டிக்கு மட்டும் வெள்ளையாக இருக்கலாம். பெரிய விலங்கின் பல் வெளுத்துவந்தால் உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைவா, வேறு நோயா என்று பார்க்க வேண்டும்.

பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது உண்மையா?

உண்மை. பலருக்கும் தெரியாதது, வெட்டுப்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்கின்றன என்பது. மொத்தம் 20 பற்கள்: மேலும் கீழுமாக 4 வெட்டுப்பற்கள், 16 கடைவாய்ப் பற்கள். வெட்டுப்பல் ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளும். காட்டில் மணல்சத்து மிகுந்த முரட்டுப் புல்லை மணிக்கணக்காக அரைப்பதால் வளரும் வேகத்திலேயே தேய்ந்துவிடும். காட்டுச் சின்சில்லாக்களையும் கூண்டில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், கூண்டில் வளர்ந்தவற்றின் கடைவாய்ப் பற்கள் தெளிவாகவே நீண்டிருந்தன. மென்மையான உருண்டைத் தீவனத்தை இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிட்டால் பல் தேய வேலையே இல்லை.

தேயாத பல் இரு திசையிலும் தொல்லை தரும். மேல்முனை கூர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வேர் பின்னோக்கித் தள்ளி, கீழ்த்தாடையில் முடிச்சுகளாகப் புடைக்கும், மேல்தாடையில் கண்குழியை அழுத்தும். ஆகவே முதல் அறிகுறி பெரும்பாலும் கண்ணில் நீர் வடிவதாக இருக்கும். பிறகு ஈரமான மோவாய், பிசுபிசுத்த முன்னங்கை, உணவை எடுத்து எடுத்துக் கீழே போடுதல், புல்லை விட்டுவிட்டு மென்மையானதை மட்டும் தேடுதல். கடைவாயின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தால்தான் வேரின் நிலை புரியும். நீண்டுவிட்ட வேரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, முனையை அரைத்து வலியைக் குறைக்கலாம், அவ்வளவே.

இதனால்தான் வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் கிராம் தராசில் எடை போட்டு எழுதி வைக்கச் சொல்கிறோம். அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

என்ன உணவு, எவ்வளவு?

உலர்ந்த புல், இரவும் பகலும், அளவில்லாமல். டிமோதி புல் நல்லது, வேறு நல்ல மேய்ச்சல் புல்லும் ஆகும். பசுமை மாறாமல், மணத்தோடு, தூசும் பூஞ்சையும் இல்லாமல் இருக்க வேண்டும். அதோடு நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி பெல்லட் தீவனம், நார்ச்சத்து 18 விழுக்காட்டுக்குக் குறையாமல். விதை, கொட்டை, பழத்துண்டு கலந்த கலவைத் தீவனம் வேண்டாம். அதில் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கும். குதிரைமசால் என்னும் தீவனப் பயிரில் சுண்ணாம்பும் புரதமும் மிகுதி. சினையானவற்றுக்கும் பால் கொடுப்பவற்றுக்கும் வளரும் குட்டிகளுக்கும் நல்லது. மற்றவற்றுக்கு எப்போதாவது ஒரு பிடி.

உலர்திராட்சையை ஆசையாக வாங்கித் தின்னும். ஆசைப்படுகிறது என்பதற்காகக் கொடுக்கக் கூடாது. வறண்ட மலையின் செடிகளுக்குப் பழகிய குடல், சர்க்கரை வந்தவுடன் நொதித்து வாயுவால் உப்பிவிடும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது உள்ளேதான். பரிசாக ஏதேனும் கொடுக்க வேண்டுமென்றால் சிட்டிகை ஓட்ஸ் அல்லது உலர்ந்த ரோஜாக்காய் ஒன்று, வாரத்துக்கு ஓரிரு முறை போதும்.

தீவனத்தை மாற்றுவதானால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாட்களாவது எடுத்துக்கொள்ளுங்கள். குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக அவ்வளவு காலம் வேண்டும்.

எச்சத்தைத் தானே தின்கிறது, நோயா?

இல்லை. இரண்டு வகை எச்சம் போடும். கெட்டியான, நீள்வட்டமான, காய்ந்தவை கழிவு. மென்மையானவை குடலின் பெரிய பையான சீக்கத்தில் நுண்ணுயிர்களால் புளித்து உருவானவை, புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்தவை. அவற்றை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்னும். கழுத்தில் தடுப்பு வளையம் மாட்டினால் அந்தச் சத்து கிடைக்காமல் போகும்.

எச்சத்தைத் தினமும் பாருங்கள். சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கை குறைந்தால் குடல் மந்தமாகிறது. சாப்பிடாமலும் எச்சம் போடாமலும் 12 மணி நேரம் கடந்தால் அவசர நிலை, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கூண்டில் என்ன கவனிக்க வேண்டும்?

தாவும் விலங்கு என்பதால் உயரம் வேண்டும். ஒரு மீட்டருக்கும் மேல் எம்பிக் குதிக்கும். பலகைகளை மாற்றி மாற்றி அமையுங்கள், ஒரேயடியாக உச்சியிலிருந்து தரைக்கு விழ வழியிருக்கக் கூடாது.

தரை கம்பிவலையாக இருக்கக் கூடாது. சின்சில்லாவின் கீழ்க்கால் எலும்பு தொடையெலும்பைவிட நீளம், மிக மெல்லியது, சதைப்பிடிப்பும் குறைவு. வலைக்கண்ணில் கால் சிக்கிய நொடியில் பயந்து திருகும், எலும்பு பிளந்துவிடும். முறிவு சேருவதும் கடினம். வலையின் மேல் நாள் முழுதும் நின்றால் உள்ளங்காலில் புண்ணும் வரும். தேவதாரு அல்லாத உலர்ந்த மரப்பலகையோ, மரத்தூள் பரப்பிய கெட்டித் தரையோ சரி.

எதையும் கடிக்கும். பிளாஸ்டிக் துண்டு குடலை அடைக்கும். கொறிக்க ஆப்பிள், வில்லோ மரக்கிளைகள் கொடுக்கலாம். செர்ரி, பிளம், ஏப்ரிகாட் போன்ற கொட்டைப்பழ மரங்களில் சயனைடு சேர்மங்கள் உண்டு, வேண்டாம். ஓட்டச் சக்கரம் வைப்பதானால் விட்டம் 38 சென்டிமீட்டருக்குக் குறையாமல், தளம் இடைவெளியில்லாமல் இருக்கட்டும். சிறிய சக்கரம் முதுகெலும்பை வளைத்துக் கெடுக்கும்.

காது பெரிது, செவித்திறன் எப்படி?

சுமார் 50 ஹெர்ட்ஸிலிருந்து 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மற்றச் சிறு கொறிவிலங்குகள் நமக்குக் கேட்காத உச்ச ஒலிகளில் வல்லவை, தாழ்ந்த ஒலிகளில் பலவீனமானவை. சின்சில்லாவோ தாழ்ந்த ஒலிகளையும் நம்மைப் போலவே கேட்கிறது. நடுக்காதைச் சூழ்ந்த எலும்புக் குமிழ் மிகப் பெரியது. இந்த இரண்டு காரணங்களால் மனிதச் செவித்திறன் பற்றிய ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. வளர்ப்பவர்களுக்கு இதன் பொருள்: தொலைக்காட்சிக்கு அருகில் பகலில் அதற்கு உறக்கம் வராது.

குரைப்பதுபோல் கத்துகிறது, சிறுநீரைப் பீய்ச்சுகிறது. ஏன்?

குரைப்பு எச்சரிக்கை. மெல்லிய கூவல் நெருக்கத்தின் ஒலி. பல்லை நறநறவென்று கடித்தால் கோபம், விலகுங்கள். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சிறுநீரைப் பீய்ச்சுவது பெரும்பாலும் பெண்ணின் ஆயுதம். சின்சில்லாக் கூட்டத்தில் பெண்ணே மேலாதிக்கம் செலுத்தும், விருப்பமில்லாத ஆணை அப்படித்தான் விரட்டும். உங்கள் கையையும் அப்படியே நடத்தினால் அவசரப்பட்டுப் பழக்குகிறீர்கள் என்று பொருள்.

ஆண், பெண் எப்படி அறிவது?

பலரும் ஏமாறும் இடம் இது. பெண்ணுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்புபோல நீண்டிருக்கும், ஆணுறுப்பு என்றே தோன்றும். இடைவெளியைப் பாருங்கள். கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ரோமமில்லாத தோல் தெளிவாகத் தெரிந்தால் ஆண். இரண்டும் ஏறத்தாழ ஒட்டியிருந்தால் பெண். ஆணுக்கு வெளியே தொங்கும் விதைப்பை கிடையாது.

ஆண் விலங்குகளில் இன்னொன்றையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். உதிர்ந்த ரோமம் ஆணுறுப்பைச் சுற்றி வளையமாக இறுகிவிடும். உறுப்பு உள்ளே திரும்பாமல் வீங்கும், சிறுநீர் தடைபடும். நீர்க்கலப்புள்ள வழுவழுப்புப் பசை தடவி மென்மையாக உருட்டி எடுக்கலாம். வராவிட்டால் இழுக்காமல் மருத்துவரிடம் விடுங்கள்.

குட்டிகள் பற்றி?

சினைக்காலம் சராசரி 111 நாட்கள். கொறிவிலங்குக்கு இது மிக நீண்டது. ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டு. பிறந்த குட்டி 30 முதல் 60 கிராம், சில மணி நேரத்தில் நடக்கும், ஒரு வாரத்தில் புல்லைக் கடித்துப் பார்க்கும். ஆறு முதல் எட்டு வாரம் பால் குடிக்கும். ஈன்ற உடனே தாயின் மூக்கில் இரத்தம் இருந்தால் பதறாதீர்கள், நஞ்சுக்கொடியைத் தின்றிருக்கும்.

ஈன்ற ஓரிரு நாளுக்குள்ளேயே தாய் மீண்டும் இணையத் தயாராகிவிடும். அடுத்தடுத்துச் சினையானால் உடல் நலியும், ஆகவே ஈனுவதற்கு முன்பே ஆணைப் பிரிக்க வேண்டும். பருவம் பொதுவாக எட்டு மாதத்தில் வரும், சிலவற்றுக்கு நான்கு மாதத்திலேயே வந்துவிடும். ஆகவே எட்டு முதல் பத்து வாரத்துக்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் பெண் குட்டிகளிடமிருந்தும் பிரியுங்கள்.

வெள்ளை, கருப்பு, ஊதா நிறங்கள் எப்படி வந்தன?

காட்டு நிறம் சாம்பல் மட்டுமே. மற்றவை பண்ணைகளில் தோன்றிய மரபுத் திரிபுகள், பின்பு தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டவை. வெள்ளையும், முதுகு கருத்த 'வெல்வெட்' வகையும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் கருவைக் கொல்லும் மரபணுவைச் சுமப்பவை. வெள்ளையோடு வெள்ளையை, வெல்வெட்டோடு வெல்வெட்டைச் சேர்த்தால் கருக்களில் நான்கில் ஒன்று வயிற்றிலேயே இறக்கும். தெரிந்து அப்படிச் சேர்ப்பது தவறு.

எத்தனை ஆண்டு வாழும்?

நல்ல பராமரிப்பில் 10 முதல் 20 ஆண்டுகள். பதிவானவற்றுள் மிக முதியது 29 ஆண்டுகளைக் கடந்தது.

எந்த மருந்துகள் ஆபத்து?

வாய்வழி தரும் பெனிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவை. நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்களை இவை அழித்துவிடும், நஞ்சு உமிழும் கிருமிகள் அந்த இடத்தைப் பிடிக்கும், சில நாட்களில் வயிற்றுப்போக்கும் மரணமும். நாய், பூனைக்கு எழுதிய மருந்தில் மிச்சம் இருக்கிறதென்று கொடுக்கவே கூடாது.

காட்டுச் சின்சில்லா ஏன் அழிந்தது?

ரோமத்துக்காக. மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக வேட்டையாடி வந்திருந்தாலும், சிலியில் வணிக வேட்டை 1829இல் தொடங்கியது. ஒரு தோல் உள்ளங்கை அளவுதான். முழு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள் வேண்டும். 1840க்கும் 1916க்கும் இடையே சிலியிலிருந்து மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட தோல்கள் ஏற்றுமதியானதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒளிந்திருந்த புதர்களுக்குத் தீ வைத்தார்கள், நாய்களை ஏவினார்கள். விலங்கோடு சேர்ந்து அதன் மறைவிடமும் எரிந்தது.

1910இல் சிலி, பொலிவியா, பெரு, அர்ஜென்டினா நான்கும் வேட்டையைத் தடை செய்து உடன்பாடு செய்தன. தடை வந்ததும் தோலின் விலைதான் பன்மடங்கு ஏறியது, மிச்சமிருந்தவற்றையும் தேடிப் பிடித்தார்கள். சிலியில் பயன்தரும் சட்டம் 1929இல்தான் வந்தது.

வீட்டுச் சின்சில்லாக்களின் மூலம் எது?

மத்தியாஸ் சாப்மன் என்னும் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியில் பணிபுரிந்தபோது ஆட்களை அமர்த்திப் பிடிக்கச் சொன்னார். சில ஆண்டுகள் தேடியும் சேர்ந்தவை 11 மட்டுமே. எண்ணிக்கை எந்த அளவுக்கு விழுந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. கூண்டுகளைப் பனிக்கட்டியால் குளிர்வித்துக் கப்பலில் ஏற்றி, 1923இல் கலிபோர்னியாவில் இறக்கினார். நோக்கம் ரோமப் பண்ணை. அமெரிக்காவில் இன்றுள்ள வளர்ப்புச் சின்சில்லாக்களில் பெரும்பகுதி அந்தப் பதினொன்றின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது.

வளர்ப்புச் சின்சில்லாவைக் காட்டில் விட்டு எண்ணிக்கையைப் பெருக்க முடியாதா?

முடியாது. நூறாண்டு கூண்டு வாழ்வில் உடல் பெருத்துவிட்டது, மரபு வளம் குறுகிவிட்டது, நரியை அறியாது, முட்செடியில் உணவு தேடத் தெரியாது. கூண்டுக் கிருமிகளை எஞ்சியிருக்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் ஆபத்து வேறு. இரு இனங்களும் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனங்களாக உள்ளன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியல் காட்டுச் சின்சில்லா வணிகத்தைத் தடை செய்கிறது, வளர்ப்பு வகைக்கு மட்டும் விலக்கு உண்டு.

தோல் வேட்டை ஓய்ந்த பிறகும் எண்ணிக்கை எழாததற்குக் காரணம் நிலம். ஆடுகள் மேய்ந்து புல் போயிற்று, விறகுக்காகப் புதர் வெட்டப்பட்டது, சுரங்கங்கள் பாறைகளைத் தோண்டுகின்றன. சின்சில்லாக் கூட்டங்கள் பல காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, தனியார் மற்றும் ஊர்ப்பொது நிலங்களில் இருக்கின்றன. அங்கே செய்ய வேண்டியது, வெட்டப்பட்ட முட்புதர்களையும் சாகுவாலையும் மறுபடி நட்டு, அவை வேரூன்றும் வரை ஆடுகளை விலக்கி வைப்பது. வறண்ட மண்ணில் ஒரு புதர் மறைவிடம் தருமளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.